கசிவின் இரு திசைகள்

தமிழில் கசிவு என்னும் சொல் ஒரே வேளையில் ஒரு பழுதையும் ஒரு பேற்றையும் குறிக்கிறது. பானை கசிந்தால் குயவரின் வேலையில் குறை இருப்பதாகவும், படகு கசிந்தால் அதில் ஏறியவர்களின் உயிருக்கே ஊறு வரப்போவதாகவும் பொருள். ஆனால் அடியவரின் நெஞ்சு கசிந்தால் அது இறையருள் நுழைவதற்கு வழி திறந்துவிட்டது என்பதற்கு அடையாளம். திருஞானசம்பந்தர் நல்லூர்ப் பெருமணத்தில் தம் வாழ்வின் நிறைவில் பாடிய நமச்சிவாயத் திருப்பதிகம் இந்த வினைச்சொல்லைத் தன் முதல் அடியிலேயே ஏந்தி நிற்கிறது. சம்பந்தர் காலத்துச் சமணர்களோ, உயிருக்குள் வினை கசிந்து வருவதையே பிறவித் துன்பத்தின் தோற்றுவாயாகக் கண்டு, அந்தக் கசிவை அடைப்பதையே வீடுபேற்றின் முதற்படியாக வகுத்தவர்கள். ஆக, கசிவு என்பது அடைக்கப்பட வேண்டிய ஒன்றா, வேண்டிப் பெற வேண்டிய ஒன்றா என்ற கேள்வி தமிழ்ச் சமய வரலாற்றின் நடுவிலேயே கிடக்கிறது. இதுவரை அது பெரும்பாலும் இரு சமயங்களின் பூசலாகவே பேசப்பட்டிருக்கிறது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலமாகிய இராமேசுவரத்துக்குக் கிழக்கே, மணலிலும் கடல்நீரிலும் ஓடிய வண்டிகளின் அச்சில் வைத்து இக்கேள்வியை ஆராய்ந்தால், நூல்களுக்குள் எதிரெதிரே நிற்கும் இரண்டு விடைகளும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது புலப்படும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் கரையைத் தாக்கிய புயல் தனுஷ்கோடி நகரத்தையும் அதன் இருப்புப் பாதையையும் அழித்த பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்குக் கிழக்கே சாலை என்று சொல்லத்தக்க எதுவும் அரை நூற்றாண்டுக் காலம் இருக்கவில்லை. வடக்கே பாக் நீரிணையின் அமைதியான நீரும், தெற்கே மன்னார் வளைகுடாவின் அலைமிகுந்த நீரும் (கரைவாழ் மக்கள் முதலாவதைப் பெண்கடல் என்றும் இரண்டாவதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள்) ஒடுங்கிய மணல்திட்டு ஒன்றை இருபுறமும் நெருக்கிக்கொண்டிருக்க, அதன்மேல் பயணம் செய்ய விரும்பியவர்கள் நடந்தார்கள், அல்லது நான்கு சக்கர இயக்க வண்டிகளில் ஏறினார்கள். அங்கிருந்து தீவின் கோடியான அரிச்சல்முனை வரை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீட்டர் நீளமுள்ள சாலை 2017 ஜூலை 27இல் திறக்கப்படும் வரையில், சேது நீராடலுக்கும் முன்னோர் கடனுக்கும் வந்தவர்களை முனையை நோக்கிக் கொண்டுசென்றவை அவ்வண்டிகளே. சேதுக்கரையின் மணலை எடுத்துச் சென்று பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதசுவாமிக்கு நீராட்டும் மரபு நாடெங்கும் அறியப்பட்டது; அக்கோயிலின் மூலவரே சீதை மணலைப் பிடித்து அமைத்த லிங்கம் என்பது தல வரலாறு. அங்கே வழிபடப்படும் அந்த மணலே, வண்டியின் அடியில் நுழையும்போது இரும்பைத் தின்னும் அரமாகவும் ஆகிவிடுகிறது.

நான்கு சக்கர இயக்கம் என்பது, எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்களுக்கு மட்டும் செல்லாமல் முன்சக்கரங்களுக்கும் சேர்த்துச் செல்லும் ஏற்பாடு. சாதாரணச் சரக்கு வண்டியில் கியர்பெட்டியிலிருந்து ஒரு சுழல்தண்டு பின் அச்சுக்குப் போகிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்பிலோ பிக்கப் வண்டியிலோ கியர்பெட்டியை அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் இன்னொரு பெட்டி இருந்து, ஆற்றலை முன்னும் பின்னுமாகப் பகிர்ந்து இரண்டு சுழல்தண்டுகள் வழியே அனுப்புகிறது. ஒவ்வோர் அச்சின் நடுவிலும் கிரவுன் என்று பட்டறைகளில் வழங்கும் பெரிய பற்சக்கரத் தொகுதி எண்ணெயில் தோய்ந்தபடி சுழல்கிறது. அந்த எண்ணெய், 90 ஆயில் என்று கேட்டு வாங்கப்படும் தடித்த கியர் ஆயில். இரும்புப் பெட்டிக்குள் எண்ணெய் நிற்க வேண்டும், ஆனால் அதே பெட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டு தண்டுகள் சுழலவும் வேண்டும் என்பதால், தண்டு வெளிவரும் ஒவ்வொரு வாயிலிலும் ஆயில் சீல் என்னும் வளையம் பொருத்தப்படுகிறது. அது உலோகக் கூட்டில் ஒட்டிய ரப்பர் உதடு. அந்த உதட்டைத் தண்டின்மேல் மெல்ல அழுத்தி வைக்க, அதன் முதுகில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று சுற்றியிருக்கும். இயக்கம் இரண்டு சக்கரங்களிலிருந்து நான்காகும்போது இத்தகைய வாயில்களும் பெருகுகின்றன. மணலில் புதையாமல் செல்லும் வலிமைக்காக வண்டி ஏற்றுக்கொள்ளும் விலை இது: எத்தனை இடங்களில் அது உலகைப் பற்றிக்கொள்கிறதோ அத்தனை இடங்களில் கசியவும் கூடும்.

சமண மெய்யியல் உயிரைப் பற்றிச் சொல்வதும் ஏறத்தாழ இதே வடிவில் அமைந்திருக்கிறது. மனம், மொழி, மெய் ஆகியவற்றின் ஒவ்வோர் அசைவும் ஒரு வாயிலைத் திறக்கிறது. அதன் வழியே வினை நுண்பொருளாக உயிருக்குள் பாய்கிறது. வடமொழியில் ஆஸ்ரவம் எனப்படும் இந்த உட்பாய்ச்சலுக்குத் தமிழ்ச் சமணர் ஊற்று என்று பெயரிட்டனர். அதை அடைத்தலைச் செறிப்பு என்றும், ஏற்கெனவே உள்ளே வந்ததை வெளியேற்றுதலை உதிர்ப்பு என்றும், வினை உயிரோடு ஒட்டிக்கொள்ளுதலைக் கட்டு என்றும், யாவும் நீங்கிய நிலையை வீடு என்றும் அழைத்தனர். இதை விளக்க அவர்களுக்கு மிக ஏற்றதாக இருந்த உவமை ஓட்டைப் படகு: ஓட்டை வழியே நீர் வருவது ஊற்று, ஓட்டையை அடைப்பது செறிப்பு, தேங்கிய நீரை இறைத்துக் கொட்டுவது உதிர்ப்பு. அடைக்காமல் இறைப்பவர் களைத்துப் போவார். இறைக்காமல் அடைப்பவர் பாரத்தோடு மிதப்பார். இராமேசுவரம் கரைக்கு இந்த உவமை வெறும் ஏட்டுப் பொருள் இல்லை. தனுஷ்கோடிக்கு இவ்வண்டிகள் வருவதற்கு முன்னால் படகுகளும் புனிதப் பயணிகளை ஏற்றிச் சென்றன. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் அத்தகைய மரப்படகு ஒன்றைக் கடற்கரையில் தம் கையால் கட்டியதையும், பின்னர் ஒரு புயல் அதைக் கொண்டுபோனதையும் கலாம் தம் தன்வரலாற்றில் பதிந்திருக்கிறார். பலகைகளின் இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்துக் கலப்பற்றுப் பார்ப்பது, அதாவது நீர் புகாமல் இடுக்கு அடைப்பது, அந்தத் தொழிலின் ஒரு பகுதி. ஓர் இசுலாமியரின் கையால் அடைக்கப்பட்ட படகில் ஏறி இந்துக்கள் சேதுவை அடைந்தார்கள் என்பது இத்தீவின் சமய வரலாற்றில் தனியே நினைக்கத்தக்க செய்தி.

பௌத்தர்களும் இதே சொல்லைக் கையாண்டார்கள். பாலி மொழியில் அது ஆசவம். ஆனால் பாலி உரையாசிரியர்கள் அதற்குக் கொடுத்த படிமங்கள் புண்ணிலிருந்து வடியும் சீழும், நெடுநாள் ஊறிப் புளித்த கள்ளும் ஆகும். அங்கே ஓட்டம் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே செல்கிறது: வேட்கையும், இருப்பின்மேலுள்ள பிடிப்பும், தவறான கொள்கையும், அறியாமையும் மனத்தினுள்ளே ஊறி, புலன்களின் வழியே உலகின்மேல் வடிகின்றன. ஆசவம் அற்றவர் என்பதே அரகந்தரின், அதாவது விடுதலை பெற்ற துறவியின், இலக்கணம். ஒரே வேரிலிருந்து பிறந்த ஒரே சொல்லைச் சமணர் உள்நோக்கியும் பௌத்தர் வெளிநோக்கியும் திருப்பியதை இருவரின் உயிர்க்கொள்கை வேறுபாட்டால் விளக்குவது ஆய்வாளர் வழக்கம். உயிர் என்னும் நிலைத்த பொருளை ஏற்கும் சமணத்துக்கு அப்பொருளுக்குள் ஏதேனும் நுழைய இடமுண்டு, ஏற்காத பௌத்தத்துக்கு இல்லை. இந்த விளக்கம் சரியானதே. எனினும் இரண்டு திசைகளும் ஒன்றையொன்று விலக்குவன என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்ல வேண்டியதில்லை. கடலோர மணலில் ஓடிய அச்சு, இரண்டும் ஒரே வாயிலில் மாறி மாறி நிகழ்வதைக் காட்டுகிறது.

மணலில் தாழ்ந்த கியரில் நெடுநேரம் உழைக்கும் அச்சு சூடேறுகிறது. உள்ளே எண்ணெய்க்கு மேலே இருக்கும் காற்று விரிகிறது. அடுத்த கணமே வண்டி முழங்கால் ஆழக் கடல்நீரில் இறங்கினால் இரும்பு திடீரெனக் குளிர்கிறது. விரிந்த காற்று சுருங்கி, உள்ளே உறிஞ்சும் விசை ஒன்று பிறக்கிறது. இந்த விரிவுக்கும் சுருக்கத்துக்கும் இடங்கொடுக்கவே அச்சின் மேற்புறத்தில் பிரீதர் என்னும் சிறு மூச்சுத்துளை வைக்கப்பட்டிருக்கிறது. அது சேற்றாலும் மணலாலும் அடைபட்டுவிட்டால், சூட்டில் எண்ணெய் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. குளிரில் கடல்நீர் அதே உதட்டைத் தாண்டி உள்ளே போகிறது. உப்புநீரும் எண்ணெயும் பற்சக்கரங்களால் கடையப்பட்டு மோர் போல வெளுத்துவிடும்; அந்த வெளுத்த எண்ணெயில் ஓடும் பேரிங்குகள் துருவேறி அழியும். வெளியே சொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே புகுவது தெரிவதில்லை. ஆனால் வண்டியைக் கொல்வது இரண்டாவதுதான். எண்ணெயைத் தடுக்கும் உதடு எண்ணெய்ப் பக்கம் நோக்கியே நிற்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அதற்கு எதிர்த்திசை நோக்கிய இன்னோர் உதடு தேவை என்பதால், புழுதியிலும் நீரிலும் ஓடும் வண்டிகளுக்கு இரட்டை உதட்டுச் சீல்கள் செய்யப்படுகின்றன. சமணரின் ஊற்றும் பௌத்தரின் ஆசவமும் ஒரே வாயிலுக்கு வேண்டிய இரண்டு உதடுகள் என்று சொன்னால், அது உவமையின் எல்லையைச் சற்றே மீறினாலும், உண்மைக்கு வெகுதூரம் விலகியதாக இராது.

பழுது பார்க்கும் முறையிலேயே ஒரு மெய்யியல் ஒழுங்கு அடங்கியிருக்கிறது. சொட்டு விழும் இடத்தைப் பார்த்து அதுவே கசியும் இடம் என்று முடிவு கட்டுவது தொடக்கநிலைப் பிழை. எண்ணெய் மேலிருந்து வழிந்து வருகிறது, ஓடும் வேகக் காற்று அதைப் பின்னோக்கி அப்புகிறது, ஆகவே சொட்டுக்கும் ஊற்றுக்கும் இடையே முழங்கை நீளத் தொலைவு இருக்கலாம். தேர்ந்த மெக்கானிக் முதலில் அடிப்பகுதி முழுவதையும் கழுவித் துடைத்து, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டவைத்து, பிறகு ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளியைத் தேடுகிறார். விரலில் தொட்டு முகர்ந்து, கந்தக நெடி வீசும் கியர் ஆயிலா, எஞ்சின் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று பிரித்தறிகிறார். அதன் பின்னரும் சீலைத் தொடுவதில்லை. மூச்சுத்துளை திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார். மூச்சு அடைபட்ட அச்சில் எத்தனை புதிய சீல்களை மாற்றினாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கும்; குற்றம் சீலின்மேல் விழும், காரணமோ ஒரு சாண் உயரத்தில் மணலுக்குள் மறைந்திருக்கும்.

துறவு பற்றிய பழைய வழக்குக்கு இந்த மூச்சுத்துளை சொல்வது மிகுதி. எல்லா வாயில்களையும் இறுக அடைப்பதே செறிப்பு என்று எண்ணிய தவத்தை இந்தியச் சமயங்கள் பலமுறை ஐயத்தோடு பார்த்திருக்கின்றன. உறுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மனத்தில் பொருள்களையே நினைத்திருப்பவரின் ஒழுக்கம் பொய்யானது என்று பகவத்கீதை கண்டிக்கிறது, உடலை வருத்தும் கடுந்தவத்தைத் தாமே செய்து பார்த்துப் புத்தர் கைவிட்டார். சமணத்தின்மேல் இக்குறையைச் சுமத்துவது எளிது, ஆனால் நேர்மையானது ஆகாது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் செறிப்புக்குரிய வழிகளை அடுக்கும்போது, மனம் மொழி மெய்களின் அடக்கத்தோடு நில்லாமல், பொறுமை முதலிய பத்து அறங்களையும், நிலையாமை முதலான பன்னிரண்டு சிந்தனைகளையும் சேர்த்தே சொல்கிறது. பொறுமையும் சிந்தனையும் எதையும் அடைப்பவை அல்ல. உள்ளே ஏறும் சூட்டுக்கு மேல்நோக்கிய ஒரு வழியைத் தருபவை. ஆழ்ந்த நீரில் இறங்கும் வண்டிகளில் பிரீதரோடு ஒரு குழாயை இணைத்து, அதன் வாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டும் வழக்கமும் உண்டு. அச்சு நீருக்கடியில் இருக்க, அதன் மூச்சு மட்டும் மேலே இருக்கிறது. இல்லறத்தில் இருந்துகொண்டே துறவின் பயனைத் தேடிய மரபுகள் யாவும் இந்தக் குழாயைத்தான் தேடின எனலாம்.

அடுத்து வருவது இன்னும் ஆழமானது. பழைய சீலைக் கழற்றிய பிறகு, அது உட்கார்ந்திருந்த எஃகுத் தண்டை விரல்நகத்தால் வருடிப் பார்த்தால் பல வண்டிகளில் ஒரு மெல்லிய பள்ளம் தட்டுப்படும். எஃகை மென்மையான ரப்பர் அறுத்திருக்கிறது: சேதுவின் மணல்துகள்கள் உதட்டில் பதிந்து, ஆயிரக்கணக்கான சுற்றுகளில் தண்டைத் தேய்த்திருக்கின்றன. இந்தப் பள்ளத்தின்மேல் எவ்வளவு நல்ல புதிய சீலைப் பொருத்தினாலும் அது கசியும். உதடு புதியது, ஆனால் அது தொடும் இடம் பழையது. இந்திய மெய்யியலில் வாசனை எனப்படுவது, அதாவது செயல் முடிந்த பின்னும் மனத்தில் எஞ்சித் தங்கி அடுத்த செயலைத் தன் தடத்துக்கே இழுக்கும் பழக்கச் சுவடு, இந்தப் பள்ளத்தைப் போன்றது. உறுதிமொழி எடுத்துக்கொண்டவர் சில நாளில் மீண்டும் பழைய குற்றத்துக்குத் திரும்புவதைக் கண்டு அவருடைய உறுதியை ஏளனம் செய்பவர்கள், சீலைப் பழித்துத் தண்டைப் பார்க்க மறந்தவர்கள். இதற்குப் பட்டறையில் இரண்டு தீர்வுகள் உண்டு: தண்டின்மேல் மெல்லிய உலோக உறை ஒன்றை ஏற்றிப் புதிய மேற்பரப்பை உண்டாக்குவது, அல்லது, கூடு இடங்கொடுத்தால், புதிய சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, தேயாத இடத்தை அதன் உதடு தொடும்படி செய்வது. இரண்டாவது தீர்வு ஆன்மிக வாழ்வில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று. பள்ளம் அப்படியே இருக்கிறது, யாரும் அதை நிரப்பவில்லை. வாழ்வு தொடும் இடம் மட்டும் சற்று நகர்ந்திருக்கிறது. ஊரை, நட்பை, எழும் நேரத்தைச் சிறிதளவு மாற்றிக்கொண்டதாலேயே நெடுநாள் குற்றத்திலிருந்து மீண்டவர்களின் அனுபவம் இதனோடு ஒத்துப்போகிறது.

உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் அறிவைத் தேரோட்டியாகவும் சொன்ன கடோபநிடதம், தேர் என்பது உறுப்புகளின் கூட்டுக்கு இட்ட பெயரே என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விளக்கிய பாலி நூல் ஆகிய இரண்டும், தேரின் அச்சுக்கு எண்ணெய் இட வேண்டியிருக்கும் என்பதை எண்ணவே இல்லை. அந்தத் தேர்கள் பழுதாவதில்லை. அதற்கு மாறாக, உப்பு வணிகராகிய உமணர்கள் மேடுபள்ளங்களை எண்ணி வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைக் கண்ட ஔவையார், அந்தச் சேம அச்சுக்கே பொகுட்டெழினி என்னும் தலைவனை ஒப்பிட்டுப் புறநானூற்றின் 102ஆம் பாடலைப் பாடினார். வாலிநோக்கத்தில் இன்றும் உப்பளங்கள் விரிந்து கிடக்கும் இந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இந்த உவமை நெருக்கமானது. வண்டி உடையும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்ட அந்தச் சிந்தனை, கசிவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு உபநிடதத் தேரைக்காட்டிலும் உதவுகிறது.

இனித் தொடக்கத்துக் கேள்வி. முற்றிலும் கசியாத சீல் என்று ஒன்று இருக்குமானால் அது சில நாளிலேயே அழிந்துபோகும். சுழலும் தண்டுக்கும் ரப்பர் உதட்டுக்கும் இடையே, கண்ணால் காண முடியாத அளவுக்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்; அது இல்லாத உதடு உராய்வுச் சூட்டில் கருகி, இறுகி, வெடித்துவிடும். அதனால்தான் புதிய சீலைப் பொருத்துமுன் அதன் உதட்டில் விரலால் எண்ணெய் தடவுகிறார்கள். எதைத் தடுக்கப்போகிறதோ அதனாலேயே முதலில் அதை நனைக்கிறார்கள். காய்ந்த உதட்டோடு பொருத்தப்பட்ட சீல் முதல் சில சுற்றுகளிலேயே காயப்பட்டுவிடும். செறிப்பு என்னும் சமண ஒழுக்கமும் கசிவு என்னும் சைவக் கனிவும் சந்திக்கும் இடம் இந்தப் படலம். கனிவே இல்லாத அடக்கம் தன்னையே எரித்துக்கொள்கிறது. அடக்கமே இல்லாத கனிவு தரையில் சொட்டி வீணாகிறது. சம்பந்தர் பாடிய கசிவு, பெட்டி உடைந்து எண்ணெய் கொட்டுவதைப் போன்றதன்று. அது ஓதுதலோடும் நெறியோடும் இணைத்துப் பாடப்பட்டது. இராமநாதபுரத்தில் சமாதி கொண்டவரும், வேதாந்தமும் சித்தாந்தமும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்று வற்புறுத்தியவருமான தாயுமானவரிடம் யோக ஒடுக்கமும் நெஞ்சுருக்கமும் ஒரே பாடலுக்குள் அடுத்தடுத்து வருவதைப் படிப்பவர்கள் சில நேரம் முரணாகக் கருதுவதுண்டு. அது முரண் என்று தோன்றுவது, உதடும் படலமும் தனித்தனியே வேலை செய்யும் என்று எண்ணுவதால்.

அளவு மீறிய கசிவு கசியும் வண்டியோடு முடிவதில்லை என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகள் சிலவும் பவளத்திட்டுகளும் கடற்புல் வெளிகளும் இந்தக் கரையின் அருகிலேயே இருக்கின்றன. சொட்டிய எண்ணெய் மணலில் மறைந்துவிட்டதாகத் தோன்றும். அடுத்த பேரலையில் அது நீருக்குப் போகும். தீர்த்தத்தின் தூய்மையை யார் தொட்டார், எந்தச் சாதியார் இறங்கினார் என்று கேட்டுக் காத்த காலம் நெடிது. அது மனிதரை அவமதித்த காவல். நீராட வந்தவரின் வண்டி அதே நீரில் என்ன விட்டுச் சென்றது என்ற கேள்வியே தீர்த்தத்துக்கு உண்மையில் பொருந்தும் தீட்டுக் கேள்வி. பட்டறையில் வடித்த பழைய எண்ணெயைத் தரையில் ஊற்றாமல் தகரத்தில் பிடித்து வைப்பவர், கொல்லாமை நோன்பில் ஒரு பங்கு ஏற்கிறார்.

பழுது நீக்கிய அச்சில் எண்ணெய் நிரப்பும் முறை எளியது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கிரவுன் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் நிரப்புத் துளையின் மூடியைக் கழற்றி, அதன் வழியே புதிய எண்ணெயைச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை; அளவு காட்டும் கோலும் பெரும்பாலும் இருப்பதில்லை. எண்ணெய் ஏறி ஏறி அந்தத் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு, ஒரு மெல்லிய இழையாகத் தானே வெளியே கசியத் தொடங்கும். அதைக் கண்டதும் நிறுத்திவிட்டு, அந்த இழை மெலிந்து நிற்கும் வரை காத்திருந்து, பிறகு மூடியைப் போடுகிறார்கள்.